இலவம்பாடிக் கத்தரிக்காய்

திரவியம் தேடி வளைகுடா தேசங்களுக்குச் சென்றுள்ள வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து மக்களுக்கு, சீரகச் சம்பா பிரியாணி அங்கேயும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. ஆயினும் அதற்குத் துணையாக வருகின்ற, புளிப்பும் காரமும் இசைந்த கத்தரிக்காய்த் தொக்குக்கு, நம் அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடியில் விளைவதும், காம்பெல்லாம் முள் நிறைந்து பறிப்பவர் விரலைப் பதம் பார்ப்பதுமான அந்தக் காய்க்கு அவர்கள் எங்கே போவார்கள்? அந்நிய தேசத்துக் கடைகளில் பளபளவென்று அடுக்கியிருக்கும் பெருங்காய், என் அபிப்பிராயத்தில், கண்ணுக்கு மட்டுமே விருந்து. இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்ளூர்ச் சந்தையிலோ நாம் இன்னும் அதை அலட்சியமாகப் பேரம் பேசுகிறோம். விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பதினாறு வகைப் பதார்த்தங்கள் செய்யப் பிரயாசைப்பட வேண்டாம்; இந்தக் காயை நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு வைத்துப் போடுங்கள்.