வினாவின் ஏவலை அறிவோம்
(மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பரீட்சையிலே பிள்ளைகள் புள்ளி இழப்பதற்குப் படிப்புக் குறைவு ஒன்றே காரணம் என்று நாம் எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. பாடத்தை நன்கு கற்றவரும், வினா ஏவிய வேலையை விட்டு வேறொரு வேலையைச் செய்துவிட்டு வருவதுண்டு. "விளக்குக", "ஒப்பிடுக" என வினாவின் முடிவில் நிற்குஞ் சொற்களே அந்த ஏவலைத் தாங்கி நிற்பவை.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறு வகையாக வகுத்தார். அவற்றுள் அறிவினா என்பது, விடையை அறிந்த ஆசிரியர் மாணாக்கனின் அறிவைச் சோதிக்க வினவுவது. பரீட்சை வினா அவ்வகையினது. ஆகையால், தெரிந்தவை யாவற்றையும் கொட்டிவிட்டாற் போதும் என்று எண்ணுதல் வீண். பரீட்சகருக்கு விடை தெரியும். கேட்டதைச் செய்ய நாம் வல்லோமா என்பதையே அவர் பார்க்கிறார்.

நம் அயலிலுள்ள கொழும்புத் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். "தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டைக் குறிப்பிடுக" என்றால், 1875 என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்க. "துறைமுகத்தை விவரிக்க" என்றால், அதன் அமைப்பைப் படிப்பவர் கண்முன் நிறுத்துக. காரணங் கூற வேண்டியதில்லை.

"கொழும்பு காலியை முந்தியதை விளக்குக" என்றாலோ காரணமே உயிர். 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்படவே இப்பக்கம் கப்பல்கள் பெருகின. காலியிலே பாறைகள் ஆபத்து விளைத்தன. 1885இல் நிறைவெய்திய அணையோ தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளைத் தடுத்தது; ஆகவே கப்பல்கள் கொழும்பை நாடின. இந்த "ஆகவே" இல்லாத விடை விளக்கமாகாது.

"ஒப்பிடுக" என்றால் இரு துறைமுகங்களையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். காலியைப் பற்றி ஒரு பக்கம், கொழும்பைப் பற்றி ஒரு பக்கம் என்று எழுதி நிறுத்தலாகாது. "அணையே கொழும்பின் உயர்வுக்குக் காரணம் என்னுங் கூற்றை மதிப்பிடுக" என்றால், அணையின் பங்கையும், கால்வாயின் பங்கையும், 1867இல் கண்டி வரை சென்ற புகையிரதப் பாதையின் பங்கையும் சீர்தூக்கித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பில்லாத விடை அரைகுறை விடையே.

தாய்மொழியிற் பயின்று பல்கலைக்கழகம் புகுவோர் பலர் அங்கே மருத்துவமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திற் கற்க நேரிடுகிறது. "டிஸ்கஸ்" என்பதை வெறுமனே பேசுதல் என்று கொண்டு, தெரிந்ததையெல்லாம் ஒப்படையில் நிரப்புவோர் உண்டு. இரு பக்க நியாயங்களையும் ஆராய்ந்து முடிவுரைப்பதே அதன் பொருள். தமிழிலே "ஆராய்க" என்பதைச் செய்து பழகியவருக்கு அது புதிதன்று. சொல் மாறினும் வேலை ஒன்றே.

தோழர்களே, எழுதத் தொடங்குமுன் ஏவற்சொல்லின் கீழ்க் கோடிடுங்கள். அதற்குரிய புள்ளியைப் பாருங்கள். இரண்டு புள்ளிக்கு இரண்டு பக்கம் வேண்டாம். எழுதி முடித்தபின் மறுபடியும் வினாவை வாசியுங்கள். ஓரிரு புள்ளிகளாற் பல்கலைக்கழக இடம் தவறிப்போகும் நாடு இது.

பெரியோர்களே, பரீட்சை முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேளாதீர்கள். "வினா உன்னை என்ன செய்யச் சொன்னது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல மாதப் படிப்பைக் காக்கும்.