சீழும் ஒரு போர்க்களம்



முள் தைத்த விரலில் சீழ் கட்டினால் அருவருக்கிறோம். அச்சீழோ பெரும்பாலும் நமக்காகப் போரிட்டு மடிந்த வெள்ளணுக்களின் குவியலே! 1882-ஆம் ஆண்டில் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், மெச்னிகாஃப் என்னும் ருஷிய அறிஞர், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் அம்முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்து நின்றன. கிருமியை விழுங்கும் அணுக்கள் உண்டு என்னும் கொள்கை அதனின்று வளர்ந்தது. 1908-இல் நோபல் பரிசும் கிட்டியது.

நம் இரத்தத்திலுள்ள நியூட்ரோபில் என்னும் வெள்ளணு, பாக்டீரியாவை விழுங்கி, உள்ளேயே நஞ்சு பொழிந்து கொல்லுகிறது. பூஞ்சையோ நீண்ட இழையாக வளர்வது, விழுங்க இயலாது. ஆங்கே இவ்வணு தன் டி.என்.ஏ. இழைகளையே வலையாக வீசிப் பகையைச் சிக்கவைக்கிறது. வீசியபின் பெரும்பாலும் தானும் மடிகிறது. வீரமரணம் என்றே சொல்லத் தகும். இவ்வலையை உலகம் அறிந்தது 2004-இல்தான்.

சர்க்கரை நோய் கட்டுமீறினாலும், ஸ்டீராய்டு மருந்து மிகுந்தாலும் இப்படை தளர்கிறது. 2021-இல் கோவிட் நோயினின்று மீண்டோர் பலரைக் கறுப்புப் பூஞ்சை பற்றியது பெரும்பாலும் அவ்வழியே, கண்ணிழந்தோரும் உண்டு. ஆதலின் நம் குடியிருப்பில் சர்க்கரை நோயுள்ள பெரியவர்க்கு முகத்தில் ஒருபுறம் வீங்கி, மூக்கில் கருமை கண்டால், கஷாயம் வைத்துக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.