கார்த்தேஜ் கற்பிக்கும் பாடம்



கார்த்தேஜ் என்னும் பெயருக்குப் பினீசிய மொழியில் ‘புதிய நகரம்’ என்பது பொருள். லெபனான் கரையிலுள்ள டயர் நகரத்து மக்கள், இன்றைய துனீசியாவில் குடியேறி, கி.மு. 814-இல் அதனை நிறுவினர் என்பது மரபு. கடல் வாணிகத்தில் செல்வம் கொழித்த காலத்தும் தாய் நகரின் மெல்கார்ட் கோயிலுக்கு அவர்கள் காணிக்கை அனுப்பி வந்தனர்.

கி.மு. 146-இல், மூன்றாண்டு முற்றுகைக்குப் பின், உரோமர் அந்நகரை எரித்தழித்தனர். நூலகத்து ஏடுகள் ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்கு வழங்கப்பட்டன. மாகோ என்பார் இயற்றிய 28 பகுதிகள் கொண்ட வேளாண்மை நூலை மட்டும் உரோம ஆட்சி மன்றம் இலத்தீனில் பெயர்க்கச் செய்தது. இன்று மூலமும் இல்லை, அம்மொழிபெயர்ப்பும் இல்லை. பிறர் எடுத்தாண்ட சில பகுதிகளே எஞ்சியுள்ளன.

ஆயினும் மொழி உடனே மாயவில்லை. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் நாட்டுப்புறத்தார் அதனைப் பேசியதைப் புனித அகஸ்டின் குறிப்பிடுகிறார். அதற்குள் அதன் எழுத்து வழக்கொழிந்திருந்தது. பின்னர்ப் பேச்சும் ஓய்ந்தது.

1979-இல் அவ்விடிபாடுகள் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. கற்களைக் காக்க உலகம் முன்வந்தது. ஏடுகளை மீட்க எவராலும் இயலவில்லை.

நம் குடியிருப்பில் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர், எழுதுவோர் சிலரே. வீட்டுப் பேச்சோடு நாம் அமைதி கொள்ளலாகாது. ஊருக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு வரியேனும் அவர்கள் கையால் எழுதச் செய்வோம்.