தங்க வயலும் நம் கண்களும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்க வயலில். அப்பாவுக்குச் சுரங்க ஆபீஸில் கணக்கு வேலை. சென்ற கோடை விடுமுறையில் பேரனை அங்கே அழைத்துப் போயிருந்தேன். சயனைட் மேட்டைப் பார்த்ததும் "தாத்தா, நராச்சி!" என்று கத்தினான். நராச்சி என்பது 2018-இல் வந்த 'கே.ஜி.எஃப்.' படத்தில் வரும் கற்பனைச் சுரங்கம். நிஜத்தில் அந்த மேடு, தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிய குவியல்.

2016-இல் 'போக்கிமான் கோ' விளையாடிக்கொண்டு குழந்தைகள் தெருத்தெருவாக அலைந்தார்களே, நினைவிருக்கிறதா? போன் கேமராவில் தெரியும் நிஜத் தெருவின் மேல் கம்ப்யூட்டர் ஒரு பொம்மையைச் சேர்த்துக் காட்டும். இதற்கு ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர். கலை இந்த வேலையை வெகுநாளாகச் செய்துவருகிறது. ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவருடைய படங்கள் வீடு வீடாகப் போன பிறகு, லக்ஷ்மி, சரஸ்வதி என்றால் அந்த முகங்களே நம் மனக்கண்ணில் வருகின்றன. பேரன் போன் இல்லாமலே மேட்டின் மேல் சினிமாவைப் பார்த்தான்.

அவனைத் திருத்தப் போன எனக்கும் ஒரு சினிமா இருந்தது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர், ஸ்ரீராமநவமி பஜனை, பானகம், நீர்மோர். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், கொதிக்கும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள் அதில் இல்லை. அவர்களில் மிகப் பலர் வட ஆற்காட்டிலிருந்து வந்த தலித் குடும்பத்தினர். 2024-இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' பார்த்தபோதுதான், வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் நினைவுக்கு வந்தான். அவன் அப்பா சுரங்கத்தில் பாறை வெடித்து இறந்துபோனார். துக்கம் கேட்கக்கூட நான் அவன் வீட்டுக்குப் போகவில்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. நாளை யாராவது அங்கே போனை நீட்டினால், பூமிக்குள் இறங்கும் கூண்டையும் அதில் நிற்கும் மனிதர்களையும் காட்ட முடியும். தொழில்நுட்பம் தயாராகவே இருக்கிறது. யாரை வரையச் சொல்லப்போகிறோம் என்பதை, நினைவுள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தங்க வயலில் வாழ்ந்த உறுப்பினர்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். உங்கள் நினைவுகளை எழுதி வையுங்கள். நம் வீட்டு வாசலோடு நிறுத்திவிடாதீர்கள்.