படிக்கும் நேரத்தில் வந்த பக்தி



பெரும்பாலான ஆண்டுகளில் தவக்காலமும் பொதுத்தேர்வுக் காலமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்நாட்களில் கேட்கும் குறை ஒன்றுதான்: புத்தகத்தைத் திறந்தால் மனம் நிற்பதில்லை. இன்று நாம் அதைப் பற்றியே சிந்திப்போம்.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கத்து நேயர்களுக்கு விசைத்தறியைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர் அந்தச் சத்தத்தில் பேசவே திணறுவார். அங்கே வளர்ந்த பிள்ளையோ அதிலேயே தூங்கும். தறி நின்றால்தான் விழித்துக்கொள்ளும். ஆகவே சத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட முடியாது. பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால், அந்தக் குறை துணி நெடுகப் போய்விடும் என்று தறிக்காரருக்குத் தெரியும். அவ்வளவு இரைச்சலிலும் அவர் கண் பாவின் மேல் இருக்கிறது. பக்கத்தில் வைத்த செல்போன் மினுக்கும்போதுதான் அது நகர்கிறது.

செல்போனைத் திட்டுவது எளிது. நாமும் நிறையத் திட்டியாயிற்று. ஆனால் செல்போன் இல்லாத காலத்திலும் ஒரு மாணவருக்கு இதே தொல்லை வந்தது. அவர் புனித லொயோலா இஞ்ஞாசியார்.

1521-இல் பாம்பலோனாப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, படுக்கையில் மனம் மாறியவர் அவர் என்பது நமக்குத் தெரிந்த கதை. அதற்குப் பின் நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. 1524-இல், ஏறக்குறைய 33 வயதில், பார்சலோனா நகரில் லத்தீன் இலக்கணம் படிக்க உட்கார்ந்தார். மனப்பாடம் செய்யத் தொடங்கியதும் கவனம் சிதறியது. அவர் மனதுக்குள் வந்தவை கெட்ட எண்ணங்கள் அல்ல. இறைவனைப் பற்றிய புதிய புதிய வெளிச்சங்கள், பக்தியின் இனிமை! யார்தான் அதை வேண்டாம் என்பார்கள்? ஆனால் அவர் ஒன்றைக் கவனித்தார். செபத்திலோ திருப்பலியிலோ இருக்கும்போது இவ்வளவு தெளிவு வருவதில்லை. இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால்தான் வருகிறது. அப்படியானால் இது சோதனை என்று தெரிந்துகொண்டார்.

உடனே தம் ஆசிரியரை சாந்தா மரியா தெல் மார் ஆலயத்துக்கு அழைத்துப்போய், உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னார். உயிர் வாழ ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை, இந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் பாடத்தைக் கேட்காமல் இருக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்தத் தொல்லை அதோடு நின்றது. மனதுக்குள் தீர்மானம் எடுத்ததோடு அவர் நிற்கவில்லை, இன்னொருவரிடம் வாய்திறந்து சொன்னார் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கவேண்டும்.

1528-இல் பாரீஸ் போனார். அங்கே வயிற்றுப்பாட்டுக்கே பிச்சை எடுக்கவேண்டியிருந்தது. தங்கிய விடுதியோ கல்லூரிக்குத் தூரம், காலையில் அதன் கதவு திறப்பதற்குள் பாடம் தொடங்கிவிடும். செபத்தைக் கூட்டினால் சரியாகும் என்று அவர் இருந்துவிடவில்லை. விடுமுறையில் ஃபிளாண்டர்ஸ் நாட்டுக்குப் போய், அங்கிருந்த ஸ்பானிய வணிகர்களிடம் ஆண்டு முழுவதற்கும் வேண்டியதை ஒரே தடவையாகக் கேட்டு வாங்கி வந்தார். மீதி நாட்கள் படிப்புக்கு மிஞ்சின. வீட்டில் கடைக்குப் போவது, தண்ணீர் பிடிப்பது, தோழனிடம் வாட்ஸ்ஆப்பில் சந்தேகம் கேட்பது எல்லாவற்றையும் ஒரே வேளையில் முடித்துவிடலாமே! "ஒரு நிமிஷம் வந்துட்டுப் போடா" என்று பத்து தடவை கூப்பிடும் பெற்றோரும் இதைக் கேட்கட்டும்.

பாரீசில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் பீட்டர் ஃபேபர். மற்றவர் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார். ஃபேபரும் இஞ்ஞாசியாரும் ஆன்மிகம் பேசத் தொடங்கினால் பாடம் நின்றுவிடும். அதனால் படிக்கும் நேரத்தில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இரண்டு புனிதர்கள்!

இதிலிருந்து நம் பங்குகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது, சிலருக்கு வருத்தமாயிருக்கலாம். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பாடல் ஒத்திகை, இளையோர் கூட்டம், அன்பியத்தில் பரிமாற ஆள், சிலுவைப்பாதைக்கு ஒலிபெருக்கி கட்ட ஆள் என்று தேர்வு எழுதும் பிள்ளைகளையே நாம் தேடுகிறோம். மறுத்தால் பக்தி குறைந்துவிட்டது என்கிறோம். ஞாயிறு திருப்பலிக்கு அவர்கள் வரட்டும். அது அவர்கள் உரிமை. கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வரும் அப்பாவும், தறியிலிருந்து எழுந்து சோறாக்கும் அம்மாவும் எதை நம்பி உழைக்கிறார்களோ, அந்தப் படிப்பின் நேரத்தில் ஆலயத்தின் பெயரால் நாம் கை வைக்கவேண்டாம். ஒலிபெருக்கியைப் பெரியவர்கள் கட்டுவோம். பாடகர் குழுவில் இரண்டு குரல் குறைந்தால் குறையட்டும். கடைசித் தேர்வு எழுதிய அன்று மாலையே அவர்கள் ஒத்திகைக்கு ஓடி வருவார்கள்.