திறவுகோல் யார் கையில்?

  

பனையோலை ஏட்டிற்குப் பகைகள் பல. கறையான் அரிக்கும், ஈரம் ஊறி ஓலைகள் ஒட்டிக்கொள்ளும், தீப்பற்றும். எனினும் எழுத்தறிந்தான் ஒருவன் கையில் அவ்வேடு கிடைக்குமாயின், அதனைப் படிக்க எவரிடத்தும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. எழுத்தாணி செய்த கொல்லன் மறைந்தான் என்பதற்காக எந்த ஏடும் ஊமையானதில்லை. கணிப்பொறியில் எழுதப்பெறும் ஆவணத்திற்கோ அந்த ஊறு உண்டு. கறையான் அதனைத் தீண்டாது. ஆயினும் அதனை எழுதிய மென்பொருள் வழக்கொழிந்தால், அதனோடு ஆவணமும் வாய்மூடிப் போதல் கூடும்.

இற்றை நாளில் கணிப்பொறி மூவகைப் பணிக்குக் கைக்கருவியாய் நிற்கின்றது. மடல், முறையீடு, நூற்படி, கணக்கு ஆகிய ஆவணங்களை எழுதுதல் ஒன்று. வீடு, பொறி, தட்டுமுட்டு ஆகியவற்றுக்கு வரைபடம் வரைதல் மற்றொன்று. கோலம், ஓவியம் எனப் பொழுதுபோக்காகச் செய்வன மூன்றாவது. இம்மூன்றினும் எம்மென்பொருள் திறமுடையது, எது விரைவுடையது என்று கேட்பார் பலர். செய்த பொருளை இருபதாண்டு கழித்துத் திறக்க முடியுமா என்று கேட்பார் சிலரே. கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுவேயாம்.

ஆவணத்தை முதற்கண் நோக்குக. கணிப்பொறியில் தமிழுக்கெனப் பொதுவான இடம் வழக்கிற்கு வராத காலத்தில், எழுத்துரு செய்தார் ஒவ்வொருவரும் உரோம எழுத்துகளுக்குரிய இடங்களில் தத்தம் விருப்பப்படி தமிழ் உருக்களை வைத்தனர். பாமினி என்னும் எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதினால், பொறியின் உள்ளே பதிவாவன எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். அவ்வெழுத்துரு உள்ளவரை திரையில் 'அம்மா' தெரியும். அஃதில்லாத பொறியில் அதே கோப்பைத் திறந்தால், பொருளற்ற உரோமக் குறிகளே எஞ்சும். வேறோர் எழுத்துருவை இட்டால் வேறொரு பிழைக்கோவை தோன்றும். சொற்றேடலும் அகரவரிசையும் அங்கே இயலா. இத்தகைய எழுத்துருக்களில் கோக்கப்பெற்ற மலர்களும் சிறுநூல்களும் பல, பழைய குறுவட்டுகளில் இந்நிலையிலேயே உறங்குகின்றன.

இவ்விடர் தீர்த்தது ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பெற்றது. எழுத்துரு எதுவாயினும், பொறி எதுவாயினும், அகரத்திற்கு உலகெங்கும் ஒரே எண். எனினும் அவ்வமைப்பில் தமிழிலக்கணம் ஏற்காத குறையொன்று உண்டு. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழ்நெறி. ம் என்பதோடு அகரம் சேர்ந்தால் ம. ஒருங்குறியோ மகரத்தை முதலாகக் கொண்டு, அதன்மேல் புள்ளியைத் தனிக்குறியாக ஏற்றி மெய்யாக்குகின்றது. தமிழின் 247 எழுத்துகளுள் உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18, ஆக 31 எழுத்துகளே ஒற்றையெண் பெற்றன. மற்றைய 216 எழுத்துகளும் இவ்விரு குறிகளால் அமைவன.

இக்குறை களையவே, எழுத்துக்கு ஓர் எண் என்னும் நெறியில் 'டேசு 16' என்னும் குறியேற்றம் வகுக்கப்பெற்றது. தமிழ்நாட்டரசு 2010 சூன் திங்களில் பிறப்பித்த ஆணையில், ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. ஆயின் உலக வழக்கில் வென்றது ஒருங்குறியே. இலக்கணக் குறை கருதி அதனைத் தள்ளிவிடலாமா எனின், கூடாது என்க. ஏடெழுதினோர் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இடாமலே எழுதினர். பதிப்பாசிரியர்கள் இடமறிந்து புள்ளியிட்டுப் படித்தனர். குறையுடையதாயினும் எல்லார்க்கும் பொதுவான எழுத்து, குறையற்றதாயினும் ஒருவர்க்கே உரிய எழுத்தினும் மேலானது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இதற்குச் சான்று. முதலில் வேறு குறியேற்றத்தில் நூல்களை வெளியிட்ட அத்திட்டத்தார், பின்னர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினர். ஆதலின் அந்நூல்கள் இன்று கைப்பேசியிலும் திறக்கின்றன.

எழுத்து பொதுவாயின் மட்டும் போதாது. எழுத்தைத் தாங்கும் கோப்பும் பொதுவாதல் வேண்டும். 'திறந்த ஆவணம்' என்னும் கோப்புவடிவம் 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பெற்றது. 2010இல் தோன்றிய 'லிப்ரே ஆபீசு' என்னும் கட்டற்ற மென்பொருள் அவ்வடிவிலேயே எழுதுகின்றது, விலையில்லை, தமிழ் முகப்பும் உண்டு. அது தரும் ஓ.டி.டி. கோப்பு, உண்மையில் பல சிறுகோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டையாகும். அம்மென்பொருளே இல்லாவிடினும், மூட்டையவிழ்க்கும் எளிய கருவியொன்றால் பிரித்தால், எழுதிய சொற்கள் உள்ளே எழுத்தாகவே கிடக்கும். திறவுகோல் எழுதியவன் கையிலேயே உள்ளது என்பது இதன் பொருள்.

இனி வரைபடம். வரைபலகையும் மூலைமட்டமும் மைக்கோலும் கொண்டு வரைந்த காலத்தில், படம் தாளிலேயே நின்றது. 1963இல் ஐவன் சதர்லாந்து என்பார் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் தம் ஆய்வேட்டிற்காக 'சுகெட்ச்பேடு' என்னும் நிரலை ஆக்கினார். ஒளிக்கோலால் திரையைத் தொட்டுக் கோடிழுக்கலாம். இரு கோடுகள் இணையாக நிற்க வேண்டும் என்று கட்டளையிட்டால் பொறியே அவற்றை இணையாக்கும். 1982இல் வெளிவந்த 'ஆட்டோகேடு' இக்கலையைச் சிறு கணிப்பொறிக்குக் கொணர்ந்து, கட்டடப் பொறிஞர் கூடங்களில் நிலைபெற்றது. அதன் சொந்தக் கோப்பின் அமைப்பிலக்கணத்தை அந்நிறுவனம் பொதுவில் வைக்கவில்லை. ஆதலால் 1998இல் பிற மென்பொருளார் ஒரு கூட்டமைப்பு நிறுவி, அதனை உய்த்தறிந்து படிக்க முயன்றனர். அந்நிறுவனமே மாற்றுதற்கென வெளியிட்ட டி.எக்சு.எப். என்னும் வடிவோ அமைப்பு அறிவிக்கப்பெற்றது. 'லிப்ரேகேடு' போன்ற கட்டற்ற மென்பொருள்களும் அதனைத் திறக்கும்.

அலுவலகத்தில் ஆட்டோகேடு பழகியவர் அதனைக் கைவிட வேண்டும் என்பதில்லை. வீடு கட்டுவோர் வரைஞரிடம் ஒன்று கேட்டுப் பெறுக. தாளில் அச்சிட்ட படத்தோடு டி.எக்சு.எப். படியும் வேண்டும் என்க. பின்னொரு நாள் மாடி எழுப்பவோ, சுவருள் ஓடும் நீர்க்குழாயின் தடம் அறியவோ, அப்படி உதவும். வீட்டுக்குப் பணம் தந்தவர் அவ்வீட்டின் படத்தைத் திறக்க வேறொருவர் வாயிலில் நிற்றல் தகுமா?

மூன்றாவதாகிய பொழுதுபோக்கைச் சிறிதென்று எண்ணற்க. புள்ளியிட்டுக் கோடிழுக்கும் கோலம் வாயிலில் எழுதி மாலைக்குள் அழிவது. அதன் உள்ளே கணக்குண்டு என்று உலகிற்குக் காட்டியோர் தமிழ்நாட்டாரே. கிப்டு சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வுரையில், சிறு கோலத்தை நெறிப்படி பெருக்கிப் பெருங்கோலமாக்கும் வரிசையிலக்கணத்தை வகுத்துரைத்தனர். மொழிக்கு இலக்கணம் போலப் படத்திற்கும் இலக்கணம் கண்ட முயற்சி அது.

ஒரு தாய் தம் தாயிடம் கற்ற கோலத்தை இன்று நிழற்படமாக எடுத்து வைக்கலாம். ஆனால் அது புள்ளிப்பரப்பாகும். பெருக்கினால் கோடு மங்கும். இழை எங்குத் தொடங்கி எங்கு வளைந்தது என்பது அதில் பதிவாகாது. 'இங்க்சுகேப்' என்னும் கட்டற்ற மென்பொருளில் வரைந்தால், ஒவ்வொரு வளைவும் அதன் இடவெண்களோடு எழுத்தாகவே பதிவாகும். அவ்வடிவின் இலக்கணத்தை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001இல் எல்லார்க்கும் வெளியிட்டது. எத்துணைப் பெருக்கினும் கோடு மங்காது. பெயர்த்தி அதைத் திறந்து ஏழு புள்ளியை ஒன்பதாக்கலாம்.

அவையீர்! வீடு சென்றதும் செய்யத்தக்கன மூன்று. பழைய எழுத்துருவில் கிடக்கும் கோப்புகளை, அவ்வெழுத்துரு கைவசம் உள்ளபோதே மாற்றிகளின் துணையால் ஒருங்குறியாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துக. இனி எழுதுவதையும் வரைவதையும் அமைப்பு அறிவிக்கப்பெற்ற வடிவில் ஒரு படியேனும் வைக்க. அப்படியை ஓரிடத்தில் மட்டும் வையாது, வேறோர் இல்லத்திலும் வைக்க. ஏடு மட்கும் முன்னர்ப் புத்தேட்டிற் படியெடுத்த முன்னோர் செய்ததும் இதுவே. அவர்க்கு அது பல்லாண்டுக்கு ஒருமுறை வந்த பணி. கணிப்பொறி கொண்டோர்க்குச் சில்லாண்டுக்கு ஒருமுறை வரும்.