பெயரிழந்த முகங்கள்



விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி ஒரே அச்சில் களிமண் குழம்பை வார்த்து, ஒரே பொம்மை முகத்தைப் பலமுறை எடுத்துவிடுகிறார். இராஜா ரவிவர்மா 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் நிறுவிய அச்சகமும் கல்லச்சால் அதையே செய்தது. ஆதலின் ஏலத்தில் ‘ரவிவர்மா படம்’ என்று கூவக் கேட்டதும் விலையை ஏற்றிவிடலாகாது. உருப்பெருக்காடியில் பொடிப் புள்ளிகள் தென்படின் அஃது அச்சுப்படமே. அவர் கைப்படத் தீட்டியவையோ 1979 முதல் நாட்டின் கலைச்செல்வங்கள். அயல்நாட்டுக்கு விற்கச் சட்டம் இடந்தராது.

ஆயினும் என் கவலை ரவிவர்மாவைப் பற்றியதன்று. அவர் பெயர் நிலைத்துவிட்டது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில், செட்டிநாட்டு வீடுகளினின்று வந்த பழம்பொருள்களுக்கிடையே, கடுக்கன் அணிந்த பெரியவர் ஒருவரின் படத்தைக் கண்டேன். தேக்குச் சட்டத்துக்குத்தான் விலை சொன்னார்கள். உள்ளே வீற்றிருந்தவர் யாரென்று கேட்டேன், கடைக்காரர் சிரித்தார். பாகப்பிரிவினையில் சுவரும் தூணும் பங்கிடப்பட்டபோது, பாட்டனாரின் பெயரை மட்டும் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை போலும்!

வீட்டுப் படத்தை விற்பது உங்கள் உரிமை. விற்குமுன் அதன் பின்புறத்தில் அவர் பெயரையும் ஊரையும், தெரிந்தால் ஆண்டையும் எழுதிவிடுங்கள். பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். மை முன்பக்கம் ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.